எரிவாயு வரிசையில் ஒரு முட்டி

அந்த ஊரில் குடும்ப வாகன எரிவாயு மாற்ற வாரியம் என்று ஒன்று இருந்தது. வீடுகளில் நிற்கும் பெட்ரோல் கார்களை இயற்கை எரிவாயுவில் ஓட வைப்பது அதன் வேலை. பெயர்ப்பலகை கட்டிடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் கடைசிச் சொல் பக்கத்து மருந்துக்கடைச் சுவரில் இருந்தது. இதனால் மருந்துக்கடைக்காரருக்கும் அவ்வப்போது மனுக்கள் வந்தன. அவர் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். வாரியத்துக்குப் போனவர்களைவிட இவரிடம் போனவர்கள்தான் கையில் எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

எரிவாயுவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது பாவம், நல்ல சாமான். புகை குறைவு, நாற்றம் குறைவு, என்ஜினிலும் கரி ஏறாது. தன் பாட்டுக்குக் குழாயில் வந்து தன் பாட்டுக்கு எரிந்துவிட்டுப் போகிற அதை ஊக்குவிக்கிறோம் பேர்வழி என்று ஒரு கூட்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

இந்த வாரியத்திடம் அகப்பட்டுக்கொண்டவர் ஒரு பல்செட்காரர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் வரிசைகளைச் செய்து கொடுப்பார். அவர் மனைவிக்கு ஷூ கடையில் வேலை. வருகிறவர்களின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பாதத்தை அளந்து, ஷூவை மாட்டி, கட்டைவிரல் இடிக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். ஊரின் வாய் அவருக்கு அத்துப்படி, ஊரின் கால் அவளுக்கு அத்துப்படி. நடுவில் இருப்பதைப் பற்றி இருவரும் அபிப்பிராயம் சொல்வதில்லை.

முட்டி போட்டுப் போட்டு அவளுடைய வலது முட்டி தேய்ந்துபோனது. எலும்பு டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார். பொருத்தியது பெரிதில்லை, மடக்கிப் பழகுவதுதான் பெரிது என்றார். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி ரோட்டிலுள்ள பயிற்சிக்கூடத்துக்கு வந்து மடக்கவேண்டும், விட்டால் அப்படியே இறுகிப்போய்விடும். கடை முதலாளி நல்ல மனுஷர். மழைக்காலம் முடிகிறவரை அவள் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு போட்டுவிடுவேன் என்பதையும் நல்லவிதமாகவே சொன்னார்.

பஸ்ஸின் படியில் அவளால் ஏற முடியாது. ஆனால் வீட்டில் ஒரு பழைய கார் இருந்ததே, அதில் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வாரியம் வந்து நின்றது. நோயாளிகளின் நுரையீரலைக் காப்பாற்றும் பொருட்டு ஆஸ்பத்திரி ரோட்டில் எரிவாயுக் கார்கள் மட்டுமே போகலாம் என்று உத்தரவு போட்டிருந்தது. நுரையீரலைப் பற்றி யோசித்தவர்கள் முட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. சரி, காற்று சுத்தமானால் நமக்கும் நல்லதுதானே என்று பல்செட்காரர் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார்.

மெக்கானிக் டிக்கியில் சிலிண்டரைப் பொருத்தினார். டிக்கி அதோடு நிறைந்துவிட்டது. அவள் ஊன்றி நடக்கும் வாக்கரை மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் வரவேண்டும். பரவாயில்லை என்றாள். மற்ற ஊர்களில் பெட்ரோல் டேங்கையும் அப்படியே விட்டுவைப்பார்கள், எரிவாயு தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னார். இங்கே வாரியத்தின் சோதனை அதிகாரி வந்து டேங்கின் மூடிக்கு ஈய முத்திரை வைத்துவிட்டுப் போனார். ரெண்டு இருந்தால் மனசு அலைபாயும் என்பது அவர் சொன்ன விளக்கம். அவர் குடும்பஸ்தர், சொல்லும்போது சிரிக்கவே இல்லை.

ஊருக்கெல்லாம் சேர்த்து எரிவாயு பம்ப் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது பம்ப் வாரிய அலுவலகத்துக்கு எதிரிலேயே கட்டி முடிந்து, நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. திறந்துவைக்க மேலிடத்து விருந்தினர் தேதி கொடுக்கவேண்டும். தார்ப்பாய்க்குள் குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்தும் போயின. தேதி மட்டும் வரவில்லை.

எரிவாயு நிரப்பும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள விதி. நியாயமான விதி. வாரியம் அதற்கு உரம் போட்டு வளர்த்தது. பம்ப் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலிருந்தே யாரும் வண்டிக்குள் உட்காரக்கூடாது, என்ஜினும் ஓடக்கூடாது. எனவே தெரு முனையிலேயே எல்லோரும் இறங்கி, தத்தம் கார்களை மாடு மேய்ப்பவர்களைப் போலப் பின்னாலிருந்து நகர்த்திக்கொண்டு போனார்கள். பம்பை அடைந்ததும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று வலது கையை உயர்த்தி, எரிவாயுவை நேசிப்பதாகவும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய அதை எரிப்பதில்லை என்றும் உறுதிமொழி எடுக்கவேண்டும்.

நிரப்பியதும் நேரே பயிற்சிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று முதல் நாள் அவளும் வந்து, வாக்கரை ஊன்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். தார் பெயர்ந்த பள்ளங்களில் அதன் கால்கள் மாட்டிக்கொண்டன. விதியில் ஆட்கள் உட்காரக்கூடாது என்றுதான் இருந்தது, வாக்கரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனவே வாக்கர் அவளுடைய சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தது. அவள் டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கணவர் தள்ளத் தள்ள, வலது காலை எடுத்து வைத்து, மடக்கி, பல்லைக் கடித்து, அடுத்த அடி வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்து அவர் தள்ளும் வேகத்தைக் குறைத்தார்.

பம்பை நெருங்கியபோது பம்ப்காரர் வானத்தைப் பார்த்தபடி, பிரஷர் இறங்கிவிட்டது என்றார். கிடைத்தது கால் சிலிண்டர். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம், மறுநாள் மறுபடி பம்புக்குப் போகலாம். இரண்டையும் தவிர வேறெங்கும் போக முடியாது. அப்படியே வாரங்கள் ஓடின. பயிற்சிக்கூடத்தில் அவள் பேரைக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பல்செட்காரருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஒருவருக்கு மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசைக்குச் செய்து கொடுத்ததில் அந்த மனிதர் இரண்டு நாள் கஞ்சி குடித்தார்.

கடைசியில் அவர் வாரியத் தலைவரைப் பார்க்கப் போனார். பயிற்சி நாட்களில் மட்டும் முத்திரையைப் பிரித்துப் பெட்ரோல் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும், இவ்வளவுதான் கோரிக்கை. தலைவரின் அறை வாசலில் அவருடைய பெரிய டீசல் வண்டி என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. வண்டிக்குள் ஏசி குளிர்ந்தபடியே இருக்கவேண்டும் என்று டிரைவர் சொன்னார். உள்ளே போனதும் பல்செட்காரர் முதலில் பார்த்தது தலைவரின் பல்லை. நல்ல செட், ஆனால் ஒரு சுற்றுப் பெரிது. அதனால் அவர் கோபமாக இருக்கும்போதும் சிரிப்பது போலவே இருந்தது.

பல்செட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு முட்டிக்காக ஒரு கொள்கையை மடக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அப்படியானால் அந்த இரண்டாவது பம்பையாவது திறக்கக்கூடாதா என்று இவர் கேட்டார்.

"திறந்தா வரிசை பாதியாயிடும். வரிசைதான் சார் எங்களுக்குச் சாட்சி. மேலிடத்துக்கு நாங்க மாசாமாசம் அந்த வரிசையைத்தான் போட்டோ எடுத்து அனுப்பறோம். ஜனங்க எவ்வளவு ஆர்வமா நிக்கறாங்கன்னு அவங்க அசந்து போயிட்டாங்க."

வாசலில் நிற்கும் டீசல் வண்டியைப் பற்றி இவர் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை கேட்டார். அதற்கும் தலைவரிடம் பதில் இருந்தது. இது குடும்ப வாகனங்களுக்கான வாரியம், அவருடையது அலுவலக வாகனம், வாரியத்துக்குக் குடும்பம் கிடையாது. பிறகு செயலாளரைக் கூப்பிட்டு இவருடைய கார் எத்தனை வாரமாக ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போகவில்லை என்று விசாரித்தார். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அந்தக் காரிலிருந்து அந்த ரோட்டில் துளிப் புகைகூட வெளிவரவில்லை என்று செயலாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பல்செட்காரர் வெளியே வந்து மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டார்.

நல்ல காலம் ஒரு நாள் வாரியம் முழுவதும் ஏதோ பிரிவுபசார விழாவுக்குப் போய்விட்டது. கேட்பதற்கு ஆள் இல்லாததால் பம்ப்காரர் உறுதிமொழி எதுவும் வாங்காமல் சிலிண்டரை முழுசாக நிரப்பிவிட்டார். பிரஷர் அன்றைக்கு எப்படி வந்தது என்று இவர் கேட்டதற்கு, அது எப்போதும் வருகிறதுதான், சீக்கிரம் நிரப்பினால் வரிசை கலைந்துவிடும் என்று மேலே திட்டுவார்கள் என்றார். கணவனும் மனைவியும் நேரே ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வண்டியை விட்டார்கள்.

பயிற்சிக்கூடத்து அம்மாள் கண்டிப்பானவர். இத்தனை வாரம் வராததற்கு முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு முட்டியைக் கையில் பிடித்து மெல்ல மடக்கினார். மடங்கியது. இன்னும் மடக்கினார். குதிகால் கிட்டத்தட்டத் தொடையைத் தொட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்க?"

"எங்க கார்கிட்ட" என்றாள் அவள்.

வாரக்கணக்கில் அந்த டிக்கியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் அடி அடியாக நடந்தது வேலை செய்திருந்தது. காரே ஒரு பெரிய வாக்கராகிவிட்டது. பல்செட்காரர் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் மறு வாரமே கடைக்குப் போய் முதலாளியின் கால் முன்னால் முட்டி போட்டுக் காட்டினாள். அவர் அடுத்த மாதத்திலிருந்து வரச் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் சந்தோஷம் வந்தால் பல்செட்காரருக்கு வாய் நிற்காது. அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது சோதனை அதிகாரி எதிரே வர, இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வரிசையாலதான் என் பெண்டாட்டி முட்டி மடங்குச்சு சார் என்று சொல்லிவிட்டார். அதிகாரி வேகமாக அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்.

ஒரு வாரத்துக்குள் புதுத் திட்டம் வந்துவிட்டது. வரிசை நலத்திட்டம் என்று பெயர். காரைத் தள்ளுவது உடலுக்கு நல்லது என்று நிரூபணமாகிவிட்டதால் இனிமேல் டிரைவர் மட்டும் தள்ளினால் போதாது, குடும்பத்தில் எல்லோரும் வந்து தள்ளவேண்டும். பலன் முழுமையாகக் கிடைப்பதற்காக வரிசை இரண்டு தெரு சுற்றிப் போகும். இரண்டாவது பம்ப் திறப்பது மக்களின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்பதால் அது கைவிடப்படுகிறது. சுவர்களில் விளம்பரம் ஒட்டினார்கள். அதில் ஒரு முட்டியின் படம் இருந்தது. யாருடைய முட்டியோ, முடி நிறைய இருந்தது.

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நிற்பார். இதயத்தில் குழாய் வைத்தவர், மாடி ஏறவே டாக்டர் தடை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. இரண்டு பேரையும் அதிகாரி தள்ள வைத்தார். ஆசிரியர் உதடு வெளுத்து, தன் காரின் மேலேயே சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். பலன் கிடைக்க ஆரம்பிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று அதிகாரி ஆறுதல் சொன்னார். அந்தப் பெண்ணின் காரைப் பல்செட்காரரின் மனைவிதான் போய்த் தள்ளினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கணவரை ஒரு பிடி பிடித்தாள்.

"ஊர் வாயெல்லாம் அளவெடுக்கறீங்க. உங்க வாயை அளவோட வெச்சுக்கத் தெரியலையே. அந்த வாத்தியார் செத்திருந்தா யார் தலையில விடியும்? என் முட்டி தலையில."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தான் உளறியதால் யாரோ ஒருவர் உயிரை விடப்போகிறார் என்ற எண்ணம் அவரைத் தின்றது. நல்லதைத்தானே சொன்னோம் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை.

இதற்கிடையில் மேலிடத்து விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். பம்ப் திறக்க அல்ல, வரிசை நலத்திட்டத்தைப் பாராட்ட. விழாவுக்கு மாதிரிக் குடும்பமாகப் பல்செட்காரரும் மனைவியும் அழைக்கப்பட்டார்கள். வாரிய அலுவலக வாசலில் போட்ட மேடை மேல் அவர்களுடைய கார் நிற்கவேண்டும் என்று ஏற்பாடு. அது எரிவாயு இல்லாமல் நின்றுவிட்டபடியால் வாரியத்தின் கடைநிலை ஊழியர்கள் சறுக்குப் பலகை போட்டு மேடைக்குத் தள்ளி ஏற்றினார்கள். காருக்கு முன்னால் ஒரு குட்டை முக்காலி. அவள் அதில் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து காட்டுவதுதான் விழாவின் உச்சக்கட்டம்.

தலைவர் பேசினார். வெளிநாடுகளில் எரிவாயுக் கார்கள் ஓடுகின்றன, நம் ஊரில் மட்டும்தான் அவை மனிதர்களை ஓட வைக்கின்றன என்றார். கைதட்டல் எழுந்தது. வாரியம் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி ரோட்டில் காற்று பளிங்காக இருக்கிறது, காரணம் அங்கே யாராலும் போக முடியவில்லை என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு அவளைப் பார்த்து, உட்காருங்கள் அம்மா என்றார்.

அவள் உட்காரவில்லை. விறைப்பாக நின்றாள். வலது காலைக் கம்பு மாதிரி நேராக நீட்டி வைத்துக்கொண்டு, முக்காலியைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள்.

"மடங்கலைங்க" என்றாள்.

பல்செட்காரர் அவள் முட்டியைக் குனிந்து பார்த்தார். காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து செருப்பு துடைத்தவள் இவள். மறுபடி இறுகிவிட்டதா? இரண்டு பெண் ஊழியர்கள் வந்து அவள் தோளைப் பிடித்து மெதுவாக அழுத்தினார்கள். அவள் அசையவில்லை. ஒருத்தி முட்டியைத் தட்டிப் பார்த்தாள். தலைவரின் பல் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை. எத்தனை நாளாகத் தள்ளுகிறீர்கள் என்று விருந்தினர் அவளைக் கேட்டார். மழைக்காலம் பூராவும் தள்ளியதாக அவள் சொன்னாள். விருந்தினர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் எதுக்கு இத்தனை பேரைத் தள்ள விடறீங்க?"

மைக் திறந்திருந்தது. கூட்டத்தில் முதலில் சிரித்தது தலைமை ஆசிரியர்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். தலைவர் சாமானியப்பட்டவர் இல்லை, நாற்காலியில் நெடுங்காலம் ஊறியவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தள்ளலுக்கு ஒரு முடிவு கட்டத்தான் தங்களை அழைத்தோம், எதிரே இருக்கும் இரண்டாவது பம்பைத் தாங்கள் இப்போதே திறந்துவைக்கவேண்டும் என்றார். அது பற்றி அதற்கு முந்தின நிமிஷம் வரை அவருக்கே தெரியாது. ஆனால் விருந்தினர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் எதையும் வெட்டிவிடுவார். எல்லோரும் சாலையைக் கடந்து போனார்கள். தார்ப்பாய் விலகியது, குருவிக்கூடு பொத்தென்று செயலாளர் தோளில் விழுந்தது, பம்ப் ஓட ஆரம்பித்தது.

மேடைப்படி இறங்கும்போது அவள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி இறங்கினாள். அவர், எப்போதிருந்து வலிக்கிறது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வாயை மூடிட்டு நடங்க" என்றாள், உதடு அசையாமல். தெரு திரும்பியதும் விடுவிடுவென்று அவருக்கு முன்னால் நடந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

மறு வாரமே வரிசை காணாமல் போயிற்று. வந்தவர்கள் நிரப்பிக்கொண்டு தத்தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். போட்டோ எடுக்க எதுவும் இல்லாததால் வாரியம் சோர்ந்திருந்தது. அவளும் ஷூ கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு நாள் கடைக்குள் வாரியத் தலைவரே வந்தார். மேலிடத்தில் ஏதோ கூட்டமாம், கறுப்பு ஷூ வேண்டுமாம். மெத்தை நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். அவள் அளவுக்கேற்ற ஜோடியை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அப்போதுதான் அவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

"முட்டி இன்னும் அப்படியேதானா?" என்று கேட்டார், குரலில் கொஞ்சம் பழைய வருத்தத்தோடு.

"அப்படியேதாங்க. நீங்களே குனிஞ்சு மாட்டிக்கணும்."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை. பெல்ட் வயிற்றில் அழுந்த, மூச்சு வாங்க, முகம் சிவக்க, அவர் தன் காலை நோக்கிக் குனிந்தார். குனிந்த வேகத்தில் மேல்வரிசைப் பல் நழுவப் பார்த்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாடாவைக் கட்டினார். கட்டை விரல் இடிக்கிறதா என்று அவள் நின்றபடியே விசாரித்தாள். இடிக்கவில்லை என்றார். சரியான அளவுதான் கொடுத்திருந்தாள், வேலையில் அவள் வஞ்சனை செய்கிறவள் இல்லை.

அவருடைய டீசல் வண்டி தெருவைப் புகையால் நிரப்பிவிட்டுக் கிளம்பிப் போனது. அடுத்ததாகப் பள்ளிக்கூடத்து ஷூ வாங்க ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். பல்செட்காரரின் மனைவி அந்தச் சிறுமியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.